ஆன்டிபாடிக்கு முன் விதையைத் தேடுங்கள்

நெல்லில் மரபணுக்களை இயக்கும் புரதம் ஒன்றை ஆன்டிபாடி வைத்துப் பிடிக்க வேண்டும், எந்த நிறுவனத்தில் வாங்கலாம்? தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி வட்டாரத்து ஆய்வு மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் புரதமே இல்லாத நெல் எங்கே கிடைக்கும்? அந்த விதை கைக்கு வராமல் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போடாதீர்கள். ஆன்டிபாடி எதுவானாலும் ஏதோ ஒரு பட்டையைக் காட்டத்தான் செய்யும். அது நீங்கள் தேடும் புரதமா, அதன் பங்காளியா, சம்பந்தமே இல்லாத வேறொன்றா என்று சொல்லக்கூடிய சாட்சி, அந்தப் புரதம் இல்லாத செடி ஒன்றுதான்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சம்பாவும் தாளடியும் வளரும் பருவத்தில் நிற்கின்றன. வடிகால் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். 2020 டிசம்பரில் புரெவி புயலையொட்டிப் பெய்த மழையில் டெல்டா மாவட்டங்கள் அதைப் பார்த்தன. மூழ்கினாலும் பிழைக்கும் குணத்தைக் கொடுக்கும் மரபணு, ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற ரகத்தில் 9ஆம் குரோமோசோமில் இருந்தது. 2006இல் ‘நேச்சர்’ இதழில் அது இன்னதென்று அடையாளம் காட்டினார்கள். பெயர் சப்1ஏ. எத்திலீன் வாயுவுக்குப் பதில் கொடுக்கும் இ.ஆர்.எஃப். குடும்பத்துப் புரதத்தை அது உண்டாக்குகிறது. அந்தப் புரதம் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கும், அடக்கும். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட செடி, மேலே வந்துவிடலாம் என்று கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து நீண்டு வளராமல், அடங்கிக் கிடந்து தண்ணீர் வடிந்தபின் துளிர்க்க வழி செய்யும். இந்த மரபணுவை நம் பக்கத்து நீண்டகால ரகமான, இட்லிக்குப் பேர்போன குண்டு நெல் சி.ஆர். 1009இல் பின்கலப்பு முறையில் சேர்த்து உருவாக்கியதுதான் சி.ஆர். 1009 சப்-1.

ஒரே ரகம், ஒன்றில் அந்த மரபணுத் துண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது, மற்றொன்றில் சேர்க்கப்படவில்லை. இப்படி ஒரு ஜோடி வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்தால் கடிதம் எழுதி, ஒப்பந்தம் போட்டு, தேசிய தாவர மரபு வளப் பணியகத்தின் தனிமைச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் 1922 முதல் நெல்லுக்காகவே இயங்கிவரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது. அங்கே முறைப்படி எழுதிக் கேளுங்கள். கடைச் சிப்பத்தில் வாங்கிய விதையை வைத்து ஆய்வு செய்யாதீர்கள். கலப்பு விதை ஒன்று உள்ளே இருந்தால் ஓராண்டு வேலை கெட்டுப்போகும்.

சப்1ஏவை உதாரணமாக வைத்தே பேசுகிறேன். நேக், டபிள்யூ.ஆர்.கே.ஒய்., மிப் என்று எந்தக் குடும்பத்துப் புரதத்தில் நீங்கள் வேலை செய்தாலும் கணக்கு இதேதான்.

அந்த ஜோடியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வெள்ளம் தாங்காத ரகங்கள் எல்லாவற்றிலும் சப்1ஏ இல்லாமல் இருப்பதில்லை. நிப்பான்பாரே போன்ற ஜப்பானிகா ரகங்களில் அந்த மரபணுவே கிடையாது. ஆனால் இண்டிகா ரகங்கள் பலவற்றில் சப்1ஏ-2 என்ற வேறு வடிவம் இருக்கிறது. வெள்ளம் தாங்கும் சப்1ஏ-1 வடிவத்தில் 186ஆம் இடத்தில் செரின். தாங்காத வடிவத்தில் அதே இடத்தில் புரோலின். அந்தச் செரினில் பாஸ்பேட் ஏறுகிறதா என்பதைச் சுற்றியே தனி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. டெல்லியின் தேசிய தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்துக் குழு 2016இல் வெளியிட்ட கட்டுரை அதில் முக்கியமானது. ஆன்டிபாடிக்கு இந்த ஒற்றை அமினோ அமில வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. தாங்காத ரகத்தில் மெல்லிய பட்டை தெரிந்தால் ஆன்டிபாடி சரியில்லை என்று தூக்கிப் போடுவீர்கள். அல்லது தாங்காத ரகத்திலும் புரதம் உண்டாகிறது என்று புதுக் கண்டுபிடிப்பாக எழுதிவிடுவீர்கள். இரண்டுக்கும் அடிப்படை இருக்காது.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் சி.ஆர். 1009இல் சப்1ஏ எந்த வடிவத்தில் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பி.சி.ஆர். போட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலை, செலவும் சொற்பம். சப்1ஏ-2 இருந்தால் அந்த ரகம் குணத்தை ஒப்பிட உதவும், ஆன்டிபாடியைச் சோதிக்க உதவாது. சோதனைக்கு நிப்பான்பாரே வேண்டும். நெல் மரபணு வேலை நடக்கும் இந்திய ஆய்வகங்களில் அது புழக்கத்தில் உள்ள ரகம்தான்.

நிப்பான்பாரேவால் இன்னொரு லாபமும் உண்டு. சப்1ஏ இல்லாவிட்டாலும் அதன் உடன்பிறப்புகளான சப்1பி, சப்1சி இரண்டும் எல்லா நெல்லிலும் இருக்கின்றன, நிப்பான்பாரேயிலும் இருக்கின்றன. இதில் சப்1சி பொல்லாதது. நீரில் மூழ்கினால் அதுவும் தூண்டப்படும். உங்கள் ஆன்டிபாடி தவறுதலாகச் சப்1சியைப் பிடித்தால் மூழ்காத செடியில் பட்டை இருக்காது, மூழ்கிய செடியில் பளிச்சென்று வரும். பார்ப்பவர் எல்லாரும் தலையாட்டுவார்கள். தூண்டினால் கூடுகிறது என்பது மட்டும் ஒரு ஆன்டிபாடிக்கு நற்சான்று ஆகாது. நிப்பான்பாரேயையும் அதே தொட்டியில், அதே நேரம் மூழ்கடித்து, அதே ஜெல்லில் பக்கத்து வரிசையில் ஓட்டுங்கள். அங்கேயும் அதே உயரத்தில் பட்டை வந்தால் ஆன்டிபாடியைக் குப்பியோடு ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உங்களுக்கு ஆன்டிபாடி தேவைதானா? ஒரு விதைச் சிப்பத்தில் இருப்பது உண்மையான சப்-1 ரகமா என்று தெரிய வேண்டுமானால் டி.என்.ஏ. மார்க்கர் போதும். அந்த மரபணு எந்த நேரத்தில் விழிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆர்.என்.ஏ. எடுத்து ஆர்.டி.-பி.சி.ஆர். செய்தால் போதும். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஆர்.என்.ஏ. அளவும் புரத அளவும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆன்டிபாடிக்கு வேலை. நெல்லில் அப்படி இடங்கள் நிறைய. எஸ்.எல்.ஆர்.1 என்ற டெல்லா வகைப் புரதம் ஜிப்ரெலின் ஹார்மோன் வந்தால் சிதைக்கப்பட்டுவிடும், ஆர்.என்.ஏ. அப்படியே இருக்கும், புரதம் காணாமல் போகும். சப்1ஏ உள்ள செடி மூழ்கும்போது எஸ்.எல்.ஆர்.1 கூடுதலாகத் தேங்குகிறது என்று 2008இல் காட்டப்பட்டது. செடி நீளாமல் அடங்கிக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். சப்1ஏ நேரடியாக ஏவும் இ.ஆர்.எஃப்.66, இ.ஆர்.எஃப்.67 இரண்டும் ஆக்சிஜன் இருந்தால் அழிக்கப்படும் வகை என்று 2019இல் தைவான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டவுடன் என்ன ஆகிறது என்று பார்க்க, புரதத்தையே அளப்பதைத் தவிர வழியில்லை. உங்கள் கேள்வி இந்த வகையில் சேர்ந்தால் மேலே படியுங்கள். சேராவிட்டால் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் விஷயம். விற்பனைப் பட்டியலில் ‘தாவரத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருப்பதற்கு மதிப்பே இல்லை. தாவர ஆன்டிபாடிக்கென்றே இயங்கும் நிறுவனங்கள் உண்டு. ஸ்வீடனின் அக்ரிசெரா அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பகுதி அராபிடாப்சிஸ் என்ற களைச்செடியின் புரதத்தை வைத்து உண்டாக்கப்பட்டவை. நெல்லுக்கும் அதற்கும் பல கோடி ஆண்டு இடைவெளி. டி.என்.ஏ.வில் ஒட்டும் பகுதி மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், மற்ற பகுதிகள் வெகுவாக மாறியிருக்கும். அந்தப் பொதுப் பகுதிக்கு எதிராக உண்டாக்கிய ஆன்டிபாடி நெல்லிலும் வேலை செய்யும். அளவுக்கு மீறி வேலை செய்யும் என்பதுதான் வம்பு. இ.ஆர்.எஃப். வகையறாவின் பொதுப் பகுதி சுமார் 60 அமினோ அமிலம் நீளம், அதைத் தாங்கிய புரதங்கள் நெல்லில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நின்று ‘குமார்’ என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்? அதேதான்.

எனவே நிறுவனத்திடம் கேட்க வேண்டியது விலை அல்ல. எந்தத் துண்டை வைத்து முயலுக்கு ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள். எத்தனையாவது அமினோ அமிலத்திலிருந்து எத்தனையாவது வரை, எழுத்து எழுத்தாக. வணிக ரகசியம் என்று மறுப்பார்கள். குறைந்தபட்சம் எந்தப் பகுதி என்றாவது சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் வாய் திறக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். துண்டு தெரிந்தால் நெல்லின் முழுப் புரதத் தொகுப்போடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெல் மரபணுத் தகவல் தளமான ராப்-டிபி இலவசம்தான். ஒப்பிடும்போது தேடும் புரதத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வரும் புரதங்கள் எவை என்று பாருங்கள். அவைதான் நாளைக்கு உங்கள் ஜெல்லில் வந்து நிற்கப்போகின்றன.

நிறுவனம் காட்டும் படத்தையும் கூர்ந்து பாருங்கள். பட்டைக்கு மேலும் கீழும் வெட்டி ஒட்டிய குறுகலான படம் என்றால் நம்ப வேண்டாம், முழுச் சவ்வின் படத்தைக் கேளுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த சுத்தமான புரதத்தை மட்டும் ஓட்டிக் காட்டியிருந்தால் அதற்கும் மயங்காதீர்கள். ஒரே புரதம் மட்டும் இருக்கும் இடத்தில் அதைப் பிடிப்பது சாமர்த்தியம் இல்லை. இலைச் சாற்றின் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அதைப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடையில் இல்லாத ஆன்டிபாடியைச் செய்து வாங்கலாம். நெல்லின் இயக்கிப் புரதங்கள் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் வழி. 10 முதல் 20 அமினோ அமிலம் உள்ள, அந்தப் புரதத்துக்கு மட்டுமே சொந்தமான துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாங்கு புரதத்தோடு இணைத்து, முயலுக்குப் போடுவார்கள். சீரம் கைக்கு வர இரண்டு மூன்று மாதமாகும். ஒப்பந்தம் போடும்போதே மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: முதல் ஊசிக்கு முன் அதே முயலிடம் எடுத்த சீரம், ஊசிக்குப் பயன்படுத்திய துண்டில் மிச்சம் கொஞ்சம், அந்தத் துண்டை வைத்தே சுத்திகரித்த ஆன்டிபாடி. முதலாவதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. முயல் தின்ற புல்லிலிருந்தே தாவரப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி அதன் ரத்தத்தில் இருக்கலாம் என்பதால் நமக்கு அது கட்டாயம் வேண்டும். உங்கள் நிறுவனத்திலேயே முயல் வளர்த்துச் செய்வதாக இருந்தால் விலங்கு நெறிக்குழுவின் அனுமதி இல்லாமல் ஊசியைத் தொடாதீர்கள். துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னார் என்பது அனுமதி ஆகாது.

துண்டைத் தேர்ந்தெடுப்பதில் நுணுக்கமான ஒரு விஷயம். புரதத்தின் வால் பகுதி பொதுவாக நல்ல தேர்வு, ஏனென்றால் குடும்பத்துக்குள் அதிகம் வேறுபடுவது அதுதான். ஆனால் சப்1ஏவில் வால் மடங்கி வந்து தலைப் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் இருந்தாலும் அது அழியாமல் தப்புவது இதனால்தான் என்று மேலே சொன்ன தைவான் ஆய்வு சொல்கிறது. அப்படி மடங்கிய வாலுக்கு எதிரான ஆன்டிபாடி, புரதத்தைக் கொதிக்கவைத்து விரித்துப்போடும் வெஸ்டர்ன் பிளாட்டில் அருமையாக வேலை செய்துவிட்டு, மடங்கிய நிலையிலேயே பிடிக்க வேண்டிய சோதனைகளில் கைவிரிக்கலாம். எந்தச் சோதனைக்கு வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுத் துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

பார்சல், சேமிப்பு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. டெல்டாவில் ஆன்டிபாடி சாவது பெரும்பாலும் இங்கேதான். இறக்குமதிச் சரக்கு சென்னை விமான நிலையச் சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அங்கிருந்து தஞ்சாவூர் வர இன்னும் ஒரு நாள். ஐஸ் பெட்டி கோடை வெயிலில் அவ்வளவு தாங்காது. உலர்த்திய தூளாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் அதையே வாங்குங்கள். தூள் சாதாரண வெப்பநிலையில் சில நாள் தாக்குப்பிடிக்கும், திரவத்தை அவ்வளவு நம்ப முடியாது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். பொங்கலுக்கு நான்கு நாள் அலுவலகம் பூட்டியிருக்கும்போது காவலாளி மேசையில் பெட்டி உட்கார்ந்திருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் (டி.எஸ்.ஐ.ஆர்.) பதிவு இருந்தால் சுங்கச் சலுகை இப்போது பொருந்துமா என்று கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சரக்கு வந்து நின்றபின் அந்தக் காகிதத்தைத் தேடினால் ஐஸ் உருகுவதுதான் மிச்சம்.

குப்பி வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் ஆன்டிபாடி கெட்டுவிடும். தானே பனி நீக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி வேண்டவே வேண்டாம். அது தினமும் உங்களுக்குத் தெரியாமல் உருக்கி உறையவைத்துக்கொண்டிருக்கும். மின்வெட்டுக்குப் பயந்தால், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், சம அளவு கிளிசரால் சேர்த்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சோடியம் அசைடு சேர்க்கும் வழக்கம் உண்டு. அதை எச்.ஆர்.பி. நொதி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியில் சேர்த்தால் நொதி செயலிழந்து படமே வராது. ஒவ்வொரு குப்பியிலும் தொகுதி எண்ணை எழுதுங்கள். முயலின் பாலிகுளோனல் ஆன்டிபாடி தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரே கேட்டலாக் எண்ணில் வாங்கிய அடுத்த குப்பி வேறு முயலிடமிருந்து வந்திருக்கலாம்.

மாதிரி எடுப்பது இன்னொரு உலகம். இயக்கிப் புரதம் செல்லில் மிகக் கொஞ்சமே இருக்கும். இலையில் கரையும் புரதத்தில் பாதிக்கு அருகில் ரூபிஸ்கோ என்ற ஒரே புரதம். அதன் பெரிய துண்டு 50 கிலோடால்டனுக்குச் சற்று மேலே தடித்த பட்டையாக நின்று, பக்கத்தில் ஓடும் எதையும் நெளித்துவிடும். உங்கள் புரதம் அந்த அளவில் இருந்தால் முழு இலைச் சாற்றை ஓட்டிப் பயனில்லை. செல்கருவைத் தனியே பிரித்தெடுத்து, அதிலிருந்து புரதம் எடுங்கள். முற்றிய இலையை விட்டுவிட்டு இளங்குருத்தையும் தண்டின் அடிப்பகுதியையும் எடுப்பதும் உதவும்.

நேரம் பார்ப்பது இன்னும் முக்கியம். சப்1ஏ எப்போதும் இருக்கும் புரதம் இல்லை, மூழ்கினால்தான் வரும். வரப்பில் நிற்கும் நல்ல பயிரிலிருந்து இலை பறித்துவந்து பட்டை இல்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. இரு வார நாற்றைத் தொட்டியில் முழுக்க மூழ்கடித்து, ஒரே கடிகார நேரத்தில், மூழ்கியதும் மூழ்காததும் சேர்த்து எடுங்கள். எடுத்த நொடியில் திரவ நைட்ரஜனில் போட வேண்டும்; தண்ணீரிலிருந்து வெளியே வந்து காற்றில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் புரதத்தின் கதை மாறிக்கொண்டிருக்கிறது. வயலில் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் திரவ நைட்ரஜனுக்குத் திண்டாட வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் ஏற்பாட்டுக்காகக் கால்நடைத் துறை அதைக் கேனில் கொண்டுபோய்க்கொண்டேதான் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையமே இருக்கிறது. முறையாகக் கேட்டுப் பாருங்கள், எங்கே நிரப்பலாம் என்றாவது வழி சொல்வார்கள்.

அரைக்கும் கரைசலில் புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்துகளைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் வெகுநேரம் நிற்காது. காலையில் கலந்து மாலையில் பயன்படுத்தினால் சேர்க்காததற்குச் சமம். எஸ்.எல்.ஆர்.1 போலச் செல்லே அழித்துவிடும் புரதமானால் அந்த அழிவைத் தடுக்கும் எம்.ஜி.132 கொடுத்த ஒரு மாதிரியையும் கூடவே வையுங்கள். அதில் பட்டை கூடினால் புரதம் உண்டாகி அழிகிறது என்று தெரியும்; கூடாவிட்டால் முதலில் உண்டாவதே இல்லையோ என்று யோசிக்கலாம்.

சவ்வைப் படிக்கும்போது எதிர்பார்த்த அளவில் பட்டை இருக்கிறது என்று மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். பாஸ்பேட் ஏறிய புரதம் சற்று மேலே ஓடும். எஸ்.எல்.ஆர்.1 சுமார் 65 கிலோடால்டன், ஆனால் இரண்டு பட்டையாகத் தெரிவதுண்டு. முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஒரு சவ்வு, ஊசிக்கு முந்தைய சீரம் போட்ட ஒரு சவ்வு, மிச்சத் துண்டோடு ஆன்டிபாடியை முன்கூட்டியே கலந்து போட்ட ஒரு சவ்வு, இவை எப்போதும் கூட இருக்க வேண்டும். கடைசியானதை மட்டும் காட்டி ‘பட்டை மறைந்தது, ஆகவே ஆன்டிபாடி சரி’ என்று எழுதுவோர் உண்டு. தவறான புரதத்தைப் பிடித்திருந்தாலும் துண்டைச் சேர்த்தால் பட்டை மறையத்தான் செய்யும். செல்கருச் சாற்றுக்குச் சம அளவு காட்ட ஹிஸ்டோன் எச்3 போடுங்கள்; பழக்கதோஷத்தில் ரூபிஸ்கோவைக் காட்டாதீர்கள், செல்கருவில் அதற்கு வேலையில்லை. 2016இல் பன்னாட்டுக் குழு ஒன்று ஆன்டிபாடியைச் சோதிக்க ஐந்து வழிகளைப் பட்டியலிட்டது. மரபணு நீக்கிய உயிரியில் பார்ப்பது, ஆன்டிபாடி தேவைப்படாத வேறொரு முறையோடு ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியால் பார்ப்பது, அடையாளம் சேர்த்த புரதத்தில் பார்ப்பது, பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் படிப்பது. ஐந்தும் முடியாவிட்டால் முதலாவதை விடாதீர்கள். நெல்லில் மற்ற நான்கும் சேர்ந்தாலும் அதற்கு ஈடில்லை என்பது என் கருத்து.

டி.என்.ஏ.வில் எங்கே உட்காருகிறது என்று பார்க்கும் சிப் சோதனைக்கு மேலே சொன்ன எல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். பிளாட்டில் தேறிய ஆன்டிபாடி சிப்பில் தேற வேண்டும் என்பதில்லை. நெல் இலையில் மெழுகும் சிலிக்காவும் அதிகம். 1 சதவீத ஃபார்மால்டிஹைடு உள்ளே போக வெற்றிட பம்பு வேண்டும், இலை கண்ணாடி போல் ஊடுதெரிந்து மூழ்கினால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் விட்டால் இறுகி, துண்டாகவே துண்டாகாது. 0.125 மோலார் கிளைசின் ஊற்றி நிறுத்துங்கள். சப்1ஏவுக்கு ஒரு நல்ல சோதனை இடம் இருக்கிறது: இ.ஆர்.எஃப்.66, 67 மரபணுக்களின் முன்பகுதி. அங்கே சப்-1 செடியில் செறிந்து, நிப்பான்பாரேயில் செறியாமல் இருந்தால் மட்டும் முழு மரபணுத்தொகுதி சீக்குவென்சிங்குக்குப் பணம் கட்டுங்கள்.

ஆன்டிபாடியே ஒத்துவராவிட்டால், புரதத்தோடு ஃபிளாக், எச்.ஏ. போன்ற சிறு அடையாளத்தைச் சேர்த்துச் செடியை உண்டாக்கி, அந்த அடையாளத்துக்கான நம்பகமான ஆன்டிபாடியால் பிடிக்கலாம். உண்மையில் பல ஆய்வகங்கள் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் அது மரபணு மாற்றிய செடி. நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் பூட்டிய பசுமைக்குடிலும் வேண்டும், விதை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. சுற்றிலும் வயல் உள்ள ஊரில் இதை அசட்டையாக எடுத்துக்கொள்ள முடியாது.

மரபணுத் திருத்தம் நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கியிருக்கிறது. வெளி மரபணு எதுவும் மிச்சமில்லாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகளில் விலக்கு கொடுத்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திருத்திய நெல் ரகங்கள் இரண்டில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, எம்.டி.யூ. 1010 ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைத் திருத்தி உருவாக்கியது. அந்த மரபணு உண்டாக்குவதும் ஓர் இயக்கிப் புரதம்தான். இலைத் துளைகள் மூடுவதைத் தடுத்து, வறட்சியிலும் உப்பிலும் செடியைப் பலவீனமாக்குவது. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு நிலத்தை மனத்தில் வைத்து வேலை செய்வோர் கவனிக்க வேண்டிய புரதம் இது. அதற்கு ஆன்டிபாடி செய்ய நினைத்தால், திருத்திய ரகத்தில் மரபணுவின் எந்தப் பகுதி போயிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதியிலிருந்தே துண்டைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமிருக்கும் பகுதியிலிருந்து எடுத்தால் குறைப்பட்ட புரதம் ஒன்று பட்டையாக வந்து குழப்பும். அனுமதி, ஒப்பந்த நடைமுறைகளை அந்த ரகத்தை உருவாக்கிய நிறுவனத்திடமே கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு குப்பி பல பத்தாயிரம் ரூபாய். தஞ்சாவூரில் சாஸ்த்ரா, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று இந்த வட்டாரத்தில் உயிர்த் தொழில்நுட்பம் நடக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மணி நேரத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. ஒருவர் வாங்கிய நெல் ஆன்டிபாடியில் சிறு பங்கை அடுத்தவர் சோதிக்கக் கொடுங்கள். தொகுதி எண், எந்த ரகத்தில், எந்த நேரத்தில், எந்த அளவில் என்ன வந்தது என்பதைச் சேர்த்துக் கொடுங்கள். முக்கியமாக, தேறாத ஆன்டிபாடியின் முழுச் சவ்வுப் படத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போடுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்பார். ‘அடுத்து வருகிற மாணவர் அதே குப்பியை மறுபடி வாங்காமல் இருப்பாரே சார்’ என்று சொல்லிப் பாருங்கள்.